ஏற்ற பாத்திரம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் பஸ், தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, தெற்கே தாழ்நிலம் புகைபோலத் தெரியும் ஒரு விளிம்பில் மூச்சு வாங்கி நிற்கும். 2008ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல்நாள் அந்த பஸ்ஸில், அரிசிச் சாக்கொன்றினுள்ளே பழைய சேலையிற் சுற்றப்பட்டு, சாம்பல் நிறப் பொறியொன்று தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கொழும்பிற் கடையொன்றில் வேலை பார்த்த அண்ணன், முதலாளியின் மகன் வேண்டாமென ஒதுக்கியதைக் கேட்டு வாங்கித் தம்பிக்கெனக் கொண்டுவந்திருந்தான். யப்பானின் சோனி நிறுவனம் 1994ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட முதலாவது பிளேஸ்டேஷன் அது. அதன் மூன்றாந் தலைமுறைப் பொறி யப்பானில் விற்பனைக்கு வந்து ஏறத்தாழ ஈராண்டு கழிந்திருந்தது. லயத்துச் சிறுவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவனுடைய மகிழ்ச்சி குறைந்திராது.

பொறியோடு மூன்று வட்டுக்கள் வந்தன. மூன்றும் ஒரே கதையின் பாகங்கள். 'பைனல் ஃபேன்டசி' என்னும் தொடரின் ஏழாவது ஆட்டம். பக்கத்து லயத்திலே நல்ல தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டின் முன்னறையிற் பொறியை வைத்து, பழைய ஆங்கில அகராதியொன்றை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் அக்கதைக்குட் புகுந்தான். முதலாம் வட்டு ஓடியது. அதன் முடிவில் மலர் விற்கும் பெண் கொல்லப்பட்டபோது அவனோடு அவ்வீட்டுப் பாட்டியும் கண்ணீர் விட்டார். இரண்டாம் வட்டும் ஓடியது. மூன்றாம் வட்டு ஓடவில்லை. துணியால் துடைத்தும், பற்பசை தேய்த்துக் கழுவியும், பொறியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தும் அது ஓடவேயில்லை. உலகம் அழிந்ததா பிழைத்ததா என்பது அறியாமலே அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான்.

இவ்வகை ஆட்டங்களைப் பாத்திரமேற்பு விளையாட்டுக்கள் எனலாம். ஆடுபவன் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராக அலைந்து, துணைவரைச் சேர்த்து, பகைவரோடு பொருது, பல பத்து மணிநேரம் நீளும் கதையொன்றைத் தானே நடத்திச் செல்கின்றான். ஒரு நாவலை வாசிப்பவனுக்கு நாயகன்மேல் இரக்கம் பிறக்கும். இங்கோ நாயகனின் காலடி ஒவ்வொன்றையும் எடுத்துவைத்தவன் அவனே. ஆகவே, இத்தகைய தொடரொன்றின் அடுத்த ஆட்டம் எந்தப் பொறிக்கு வரும் என்ற கேள்வி எழும்போது, அதன் இரசிகர்கள் கொள்ளும் பதற்றம் வெளியார்க்கு விளங்குவதில்லை. ஒரு பொறிக்கென ஆக்கப்பட்டது பிறிதொன்றில் ஓடாது. தொடர் பொறி மாறினால் இரசிகனும் மாறவேண்டும். பணமில்லாதவன் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். தமிழிலே 'பாத்திரம்' என்ற சொல் கூத்தன் ஏற்கும் வேடத்தையும் குறிக்கும், நீர் மொள்ளும் ஏனத்தையும் குறிக்கும். வடமொழியிலும் அவ்வாறே. இந்த விளையாட்டுக்களைப் பற்றிய சச்சரவெல்லாம் அந்த இருபொருளுக்கும் இடையில் நடப்பதுதான்.

அவனுடைய மூன்று வட்டுக்களும் ஒரு பெருஞ் சச்சரவின் சின்னங்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக விடுதியில், கொழும்பு நண்பனொருவன் வாயிலாகவே அவன் அறிந்தான். பைனல் ஃபேன்டசியின் முதல் ஆறு ஆட்டங்களும் நின்டென்டோ நிறுவனத்தின் பொறிகளிலேயே பிறந்தவை. ஏழாவது பிளேஸ்டேஷனுக்குச் செல்கிறது என 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்குவெயர் நிறுவனம் அறிவித்தது. நின்டென்டோவின் புதிய பொறி பேழைகளையே ஏற்றது. அப்பேழைகளுட் கொள்ளளவு மிக்கதும் 64 மெகாபைட்டுக்கு மேற் கொள்ளவில்லை. வட்டொன்றோ 650 மெகாபைட்டளவு கொண்டது. கதையோ மூன்று வட்டுக்களை நிறைத்தது. காரணம் நியாயமானதே. ஆயினும், அடுத்த பாகமும் தங்கள் பொறிக்கே வருமென நம்பியிருந்தவர்களுக்கு அந்நியாயத்தால் ஆறுதல் கிடைத்துவிடவில்லை. 1997இல் வெளிவந்த அந்த ஆட்டம் நின்டென்டோவின் பொறியொன்றுக்கு வந்து சேர்ந்தது 2019இல். இருபத்திரண்டு ஆண்டுகள்! தோட்டத்துக்கு அது பதினோர் ஆண்டில் வந்துவிட்டது என்று நண்பனிடம் சொல்லி அவன் சிரித்தான். மூன்றாம் வட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

இதனினும் உரத்த சச்சரவு 'டிராகன் குவெஸ்ட்' தொடரைப் பற்றியது. 1986ஆம் ஆண்டு மே 27ஆந் திகதி முதல் ஆட்டம் வெளிவந்த நாள்முதல் யப்பானியர்க்கு அது விளையாட்டென்பதினும் மேலானது. ஹோரி யூஜியின் கதை, தொரியாமா அகிராவின் ஓவியம், சுகியாமா கொய்ச்சியின் இசை என மூவர் சேர்ந்து அமைத்த உலகம் அது. மூன்றாவது ஆட்டம் 1988 பெப்ரவரி 10ஆந் திகதி, பாடசாலை நாளொன்றில், விற்பனைக்கு வந்தபோது, வகுப்புக்குச் செல்லாமற் கடைவாசலில் நின்ற மாணவர் பலர் பிடிபட்டனர். விடுமுறை நாளில் மட்டுமே இத்தொடரை விற்கலாமெனச் சட்டமியற்றப்பட்டதாக இன்றும் சொல்வார்கள். அது கட்டுக்கதை. ஒரு சமூகம் எதைப் பற்றிக் கட்டுக்கதை புனைகின்றது என்பதைக் கொண்டு அது எதை நேசிக்கின்றது என்று அறியலாம் போலும்.

முதல் ஆட்டத்தின் பேழைக்கு நினைவாற்றல் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் ஆடியதெல்லாம் அழியும். ஆகவே ஆட்டத்தை நிறுத்த விரும்புபவனுக்குத் திரையில் இருபது எழுத்துக் கொண்ட தொடரொன்று காட்டப்படும். அதனைத் தாளிற் பிரதிசெய்து, மறுநாள் பிழையின்றித் திரும்ப எழுதினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த ஆட்டத்தில் அது ஐம்பத்திரண்டு எழுத்து வரை நீண்டது. ஓரெழுத்துத் தவறினாற் பல நாள் உழைப்புப் போயிற்று. அதற்கு யப்பானியர் இட்ட பெயர் 'உயிர்த்தெழுகையின் மந்திரம்' என்னும் பொருளுடையது. மூன்றாவது ஆட்டத்திற் சிறு மின்கலமொன்று பேழையினுள் வைக்கப்பட்டு மந்திரம் கைவிடப்பட்டது. அம்மின்கலமோ நினைத்தபோது மறதிகொண்டு ஆடுவோரைக் கலங்கவைத்தது. எழுதிய தாள் அவ்வாறு செய்ததில்லை எனப் பழைய இரசிகர்கள் முறையிட்டனர்.

இத்தொடர் பொறி மாறுவதற்கு அஞ்சியதில்லை. யாரிடம் எப்பொறி மிகுதியாக உள்ளதோ அதை நாடிச் செல்வது அதன் வழக்கம். நின்டென்டோவிலிருந்து பிளேஸ்டேஷனுக்குச் சென்று, ஏழாவதும் எட்டாவதும் அங்கே வெளிவந்தன. 2004இல் வந்த எட்டாவது ஆட்டம், மலையும் கடலும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் உலகத்தைத் தொலைக்காட்சித் திரையிற் காட்டிற்று. ஒன்பதாவது, சோனியின் புதிய பொறியிலே இன்னும் விரிந்த உலகத்தோடு வருமென்று பலர் எதிர்பார்த்தனர். அப்பொறி 2006 நவம்பர் 11ஆந் திகதி யப்பானில் வெளிவந்தது. மலிவான வகையின் விலை 49,980 யென். ஒரு மாதம் கழிந்து, டிசம்பர் 12ஆந் திகதி, அறிவிப்பு வந்தது: ஒன்பதாவது ஆட்டம் நின்டென்டோ டிஎஸ்ஸுக்கு. உள்ளங்கையில் அடங்கும் இருதிரைக் கைப்பொறி அது. அதன் மெல்லிய வகை 16,800 யென்.

இரசிகர் உலகம் இரண்டுபட்டது. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வைத்து ஆடும் சிறு பொறிக்கு இக்காவியத்தை இறக்குவதா என்றனர் ஒரு சாரார். எங்கள் கையிலிருக்கும் பொறிக்கு அது வருவது இறக்கமா என்றனர் மறு சாரார். போர்முறையையும் மாற்றி, நின்று யோசித்துக் கட்டளையிடும் பழைய முறைக்குப் பதிலாக ஓடியடிக்கும் முறையொன்று காட்டப்பட்டதும் முதற் சாராரின் சினம் இருமடங்காயிற்று. போர்முறை விடயத்தில் ஆக்கியோர் பணிந்தனர். பழைய முறை திரும்பியது. பொறி விடயத்திற் பணியவில்லை. 2009 ஜூலை 11ஆந் திகதி ஆட்டம் வெளிவந்தபோது, பேழைக்கு ஒருவரின் ஆட்டம் மட்டுமே சேமிக்கப்படும் என்பதற்காக அமேசானின் யப்பானியத் தளத்தில் மிகத் தாழ்ந்த மதிப்பெண்கள் குவிந்தன. தம்பியும் அக்காவும் ஒரு பேழையைப் பகிர முடியாதென்பது சிறு குறையன்று. எனினும் யப்பானில் மட்டும் அது நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. இரு கைப்பொறிகள் அருகருகே வந்தால் அவை தாமே புதையல் வரைபடங்களைப் பரிமாறும் வசதியொன்று அதில் இருந்தது. அதற்காக அக்கிஹபாராவின் கடையோரங்களில், ஒருவரையொருவர் அறியாதோர், சட்டைப்பையிற் பொறியுடன் கூடிநின்றனர். தொலைக்காட்சியின் முன் தனித்திருந்து ஆடப்பட்ட கதை தெருவுக்கு வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் நண்பன் கூறக் கேட்டபோது, அவன் முதலில் ஏளனமே கொண்டான். வயிறு நிறைந்தவர்களின் ஊடல் என்பது அவன் தீர்ப்பு. பூனாகலையில் எந்தக் கலைக்கும் எந்தக் காலத்திலும் பொறியைத் தெரிவு செய்ய யாரும் அழைக்கப்பட்டதில்லை. வானொலி வந்தது, ஒலிநாடா வந்தது, உரூபவாகினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிப் பல ஆண்டுகளின் பின் பெட்டி வந்தது. யாவும் பிறர் பழகித் தள்ளியபின் மலையேறி வந்தவை. வந்ததை வாங்கிக்கொள்வதே வழக்கம். இதில் யார் மீது கோபிப்பது? அந்தத் தீர்ப்பு அடுத்த விடுமுறை வரையே நிலைத்தது.

அவனுடைய தாய்மாமன் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. பதினேழு ஆண்டுகள் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவர். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் கம்பம் நட்டு, ஊர் விரதம் பூண்டு, நாளுக்கொரு காட்சியாக வளரும் அக்கூத்து, ரதி மன்மதன் திருமணமும், சிவன் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதலும், ரதி தடுத்தலும், நெற்றிக்கண்ணால் அவன் எரிதலும் என விரிந்து, மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவதோடு முடிவுறும். தூதனும் வீரபத்திரரும் எமனும் தப்பு முழக்கத்தோடு பொட்டலுக்குள் ஓடிவரும் இரவில் உறங்குபவர் எவருமிலர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்தவர்கள் பெட்டியிற் கொண்டுவராது நெஞ்சிற் கொண்டுவந்த கூத்து அது. அதற்கும் இரசிகர் கட்சிகள் உண்டு என்பது சொல்லத்தக்கது. தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகை நாட்களில் லாவணி பாடுவோர், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியுமாக விடியவிடிய வாதாடுவார்கள். ஏழாவது பைனல் ஃபேன்டசியில் இறந்த மலர்க்காரியை எழுப்ப இரகசிய வழியொன்று இருந்தே தீரும் எனப் பல ஆண்டுகள் தேடிய உலகத்து இரசிகர்களும் எரியாத கட்சியாரே.

அவ்விடுமுறையில் அவன் ஊருக்கு வந்தபோது, தோட்டமே இரு கட்சியாகியிருந்தது. நகரத்து மண்டபமொன்றில் நடக்கவிருந்த கலைவிழாவுக்குக் காமன் கூத்தை அழைத்திருந்தார்கள். மேடை, ஒலிபெருக்கி, மின்விளக்கு. நேரம் இருபது நிமிடம். மண்டபத்தினுள் தீ மூட்ட அனுமதியில்லை. இளைஞர்கள் மகிழ்ந்து இசைந்துவிட்டார்கள். மாமன் மாட்டேன் என்றார்.

மருமகன் இளைஞர் பக்கமே நின்றான். பொட்டலுக்கு வருபவர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர். பாதிப்பேர் கொழும்பிலும் கடல் கடந்தும் வேலையில் இருக்கின்றனர். மேடையேறினால் நாலு பேர் அறிவார்கள். கூட்டம் உள்ள இடத்துக்குக் கூத்துப் போவதில் என்ன குற்றம்? டிராகன் குவெஸ்ட்டை ஆக்கியோரின் வாதத்தையே தான் ஒப்பிப்பதை அவன் உணரவில்லை.

"நீ சொல்றது சரிதான் தம்பி," என்றார் மாமன். "ஆனா மேடையில ரதி எந்தப் பக்கம் திரும்பி அழுவா?"

அவனுக்கு விளங்கவில்லை. மாமன் எழுந்து, லயத்து வாசலிலேயே காட்டினார். பொட்டலிற் சனம் சுற்றிலும் நிற்கும். மன்மதன் எரிந்தபின் ரதி நடுவில் நிற்பதில்லை. வட்டத்தைச் சுற்றி வருவாள். ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று, உன் வீட்டிலும் ஒருவன் போனானே என்பதுபோல் அழுவாள். அவ்வாண்டு கணவனை இழந்தவள் எங்கே நிற்கின்றாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கே நிற்கின்றாள் என்பது வேடம் கட்டியவருக்குத் தெரியும். அங்கே ஒப்பாரி ஒரு கண்ணி நீளும். அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து அழுவாள். அவ்விரவுக்குப் பின்னரே அவள் கொழுந்து மலைக்குத் திரும்பிய ஆண்டுகளும் உண்டு.

"மண்டபத்துல எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்திருப்பாங்க. வெளக்கு எம்மேல இருக்கும்; அவங்க முகம் தெரியாது. யாருக்காக நான் நீட்டுறது? இருபது நிமிசத்துல எதைக் கொறைக்கிறது?"

எட்டாவது ஆட்டத்தின் பரந்த உலகை இழந்தோம் என்ற யப்பானிய இரசிகனின் முறையீட்டில் அவனுக்கு முன்பு கேளாத குரலொன்று இப்போது கேட்டது. பொறி என்பது கதையைச் சுமந்துவரும் வெறும் கூடையன்று. எதனை நீட்டலாம், எதனைக் குறைக்கவேண்டும், யார் முகத்தைப் பார்க்கலாம் என்பவற்றை அதுவே தீர்மானிக்கின்றது. எனினும் மாமனின் பக்கம் அவன் முற்றாகச் சாய்ந்துவிடவுமில்லை. அக்கிஹபாராவின் தெருவோரத்திற் கூடியவர்களைப் பெரிய திரை ஒருநாளும் கூட்டியிராது. சிறு பொறிக்குப் போனதால் கதைக்கு இழப்பு மட்டுமே என்று சொல்ல எவராலும் முடியாது.

இளைஞர்கள் மேடையேறினர். பத்தொன்பது வயதுப் பையனொருவன் ரதியானான். மாமன் வேடம் கட்டவில்லை. ஆயினும் அவர்களோடு பஸ்ஸில் ஏறிச் சென்று, மண்டபத்தின் கடைசி வரிசையில், மடியில் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தார். தீக்குப் பதிலாகச் சிவப்புத் தாளொட்டிய விளக்கு எரிந்தது. பையன் பார்வையாளரை நோக்கி நேரே நின்று அழுதான். நன்றாகவே அழுதான். கைதட்டல் எழுந்தது. பொட்டலில் அந்த இடத்திற் கைதட்டுவார் இல்லை என்பதை நினைத்தோ என்னவோ, மாமன் ஒருகணம் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

திரும்பிவரும் வழியிற் பையன் அவரருகே வந்து அமர்ந்தான். மேடையில் விட்டுப்போன கண்ணிகள் என்னவென்று கேட்டான். அவர் புத்தகத்தைத் திறந்து, வளைவுகளில் பஸ் குலுங்கக் குலுங்க, மெல்லிய குரலிற் பாடிக் காட்டினார். பூனாகலைக்கு வந்து சேரும்வரை அவை முடியவில்லை.

புத்தகம் அவருடைய தகப்பனார் காலத்தது. மை மங்கி, ஓரங்கள் கரையானால் அரிக்கப்பட்டு, சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மறுநாள் மருமகன் அதனை வாசலில் விரித்து, தன் கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தான். மாமன் தேநீர்க் கோப்பையோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அதுக்குள்ள போயிருச்சா?"

"போயிருச்சு மாமா. இனி அழியாது."

"அந்தப் போனு கெட்டுப்போனா?"

வேறிடத்திலும் சேமிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். பற்பசை தேய்த்துக் கழுவிய வட்டின் பளபளப்பு நினைவுக்கு வந்தது. டிராகன் குவெஸ்ட்டின் பதினோராவது ஆட்டம் 2017இல் யப்பானிலே பிளேஸ்டேஷனுக்கும் நின்டென்டோவின் கைப்பொறிக்கும் ஒரே நாளில் வந்தபோது, கைவிடப்பட்ட மந்திரத்தை ஆக்கியோர் மீண்டும் அதிற் சேர்த்திருந்தார்கள். ஒரு பொறியில் ஆடியவன் தாளில் எழுதிக்கொண்டு மற்றப் பொறியிற் போய்த் தொடரலாம். அந்தச் செய்தியைச் சொன்னபோது விடுதி நண்பன் அதை வெறும் பழமைப் பாசம் என்றிருந்தான்.

லயத்துக் கடைக்குப் போய் எண்பது பக்கப் பயிற்சிப் புத்தகமொன்றை வாங்கி வந்தான். ஒட்டியிருந்த தாள்களை மாமன் நீராவியில் பிடித்து மெல்லப் பிரித்துக் கொடுக்க, முதற் கண்ணியிலிருந்து எழுதத் தொடங்கினான். எழுத்து விளங்காத இடங்களில் அவர் பாடினார். பாட்டில் அவர் தயங்கிய இடங்களுக்கு வரும்போது, அடுத்த காம்பிராவிலிருந்து பையனின் பாட்டி குரல் கொடுத்தார். மூன்றாம் நாள் மன்மதன் எழும் பகுதிக்கு அன்று அவர்கள் போய்ச் சேரவில்லை. விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.